எல்லோரும் வடிவு என்கிறார்கள், யாரும் கிளிக் செய்வதில்லை: ஸ்டீம் கடைப் படம் பற்றி ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து வாசிக்கிறவர்களுக்கு உதவும். திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு பேரனும் அப்பப்பாவும் இரவில் கணவாய் பிடிக்கப் போகிற அமைதியான ஒரு விளையாட்டை நீங்கள் தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். விடிந்ததும் பிடித்ததை விற்று, அந்தக் காசில் வள்ளத்தைத் திருத்தி, மறுபடி இரவு. கணினி விளையாட்டுகளை விற்கிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் 'விரைவில்' பக்கம் திறந்து மூன்று மாதம். கடைப் பட்டியலில் விளையாட்டுக்கு அடையாளமாக வருகிற கடைப் படமாக, நிலா வெளிச்சத்தில் கோணமலையையும், கீழே சின்னதாக ஒரு வள்ளத்தையும் கீறிப் போட்டிருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் வடிவு என்கிறார்கள், ஆனால் பக்கத்துக்கு ஆள் வரவில்லை. கலரைக் கூட்டவா, இல்லை காசு கொடுத்து வேறொருவரைக் கொண்டு கீறுவிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விளங்கினபடி உங்களைக் குடைவது இந்த இரண்டும் அல்ல. நல்ல படம் ஒன்று ஏன் கடையில் வேலை செய்யவில்லை என்பதுதான்.

நான் விளையாட்டுச் செய்கிறவன் இல்லை. மத்திய வீதியில் ஓர் அச்சகத்தில் பெயர்ப்பலகை, திருவிழா நோட்டீஸ், கலியாணக் கார்ட் என்று தொடங்கி, கடந்த ஏழெட்டு வருடமாகச் சின்னக் குழுக்களுக்கு விளையாட்டுக் கடைப் படங்கள் செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் ஸ்டீமுக்கு, கொஞ்சம் ஃபோன் விளையாட்டுகளுக்கு. கொன்சோல் கடைகளுக்குச் செய்ததே இல்லை, ஆகவே அந்தப் பக்கம் நான் வாய் திறக்கப் போவதில்லை.

அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கோவில் திருவிழாவுக்குப் பெரிய பதாகை செய்தேன். தேர், கோபுரம், கடல், யானை, உபயகாரர் பெயர் இருபது, எல்லாவற்றுக்கும் பின்னால் சூரிய உதயம். கொம்பியூட்டரில் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. அடித்துக் கட்டிய அன்று முதலாளி என்னை வீதிக்கு மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "வாசி பாப்பம்" என்றார். எனக்கே வாசிக்க முடியவில்லை. "தம்பி, நீ இதைத் திரைக்குக் கிட்ட இருந்து செய்தனீ. சனம் ஓட்டோவில போகேக்க பாக்கும்." அவ்வளவுதான் சொன்னார், ஏசவில்லை. ஸ்டீமில் ஒருவர் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டு போகிற வேகமும் ஓட்டோவில் போகிற வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் படத்தை நீங்கள் திரைக்குக் கிட்ட இருந்து செய்திருக்கிறீர்கள்.

ஆனால் படத்தில் கைவைக்க முன்னம் ஒன்றைப் பாருங்கள். விளையாட்டுச் செய்கிறவர்களுக்கென்று ஸ்டீம் தருகிற உங்கள் ஸ்டீம்வொர்க்ஸ் கணக்கில் போக்குவரத்து அறிக்கை என்று ஒரு பக்கம் உண்டு. படம் எத்தனை தரம் ஆட்களின் கண்ணில் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்று இரண்டையும் அது தனித்தனியாகக் காட்டும். காட்டப்பட்ட எண்ணிக்கையே குறைவென்றால் படத்தில் பிழை இல்லை. டேக், அதாவது விளையாட்டின் வகையைச் சொல்கிற குறிச்சொல், பிழையாக இருக்கலாம், இல்லையென்றால் வெளியிலிருந்து யாரும் வரவில்லை. காட்டப்பட்டும் வரவில்லை என்றால்தான் படம் குற்றவாளி. வந்தும், பிறகு வாங்கக் குறித்துவைக்கிற விஷ்லிஸ்டில் சேர்க்காமல் போகிறார்கள் என்றால் டிரெய்லரையும் ஸ்கிரீன்ஷொட்டையும் பாருங்கள், இந்தப் பதிலை மூடிவிடலாம். உங்கள் எண்களை நீங்கள் போடவில்லை. "யாரும் கிளிக் செய்வதில்லை" என்பதை நம்பி இரண்டாவது வகை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்புறம், இத்தனை சதவீதம் வந்தால் நல்லது என்று யாராவது ஓர் எண் சொன்னால் அதில் தொங்காதீர்கள். பெயரைத் தேடி வருகிறவருக்குக் காட்டப்படுவதும் சும்மா பட்டியலில் ஓடிப்போவதும் ஒரே கணக்கில் கலந்து வந்தால் அந்தச் சதவீதத்தை இன்னொரு விளையாட்டின் சதவீதத்தோடு ஒப்பிட முடியாது. உங்கள் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள், அது போதும்.

இனி அளவுகள். இது கருத்து இல்லை, கடையின் விதி. ஸ்டீம் இப்போது கேட்பது: தலைப்புப் படம் 920க்கு 430 பிக்சல், சின்னப் படம் 462க்கு 174, முகப்புப் படம் 1232க்கு 706, நிமிர்ந்த படம் 748க்கு 896. வாங்கியவர் தன் விளையாட்டுகளைப் பார்க்கிற நூலகத்துக்கு 600க்கு 900 என்று இன்னொன்று. முன்பு தலைப்புப் படம் 460க்கு 215 தான், இருமடங்காக்கினார்கள். ஏற்றும் அளவு பெருத்ததே தவிர ஆட்கள் பார்க்கிற அளவு பெருக்கவில்லை, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சின்னப் படத்திலிருந்து ஸ்டீம் தானாகவே இன்னும் சின்னதாக, 120க்கு 45 வரை குறுக்கி எடுக்கும். உங்கள் விளையாட்டின் பெயர் ஆங்கிலத்தில் நான்கு சொல், இடைவெளியோடு சேர்த்து ஏறக்குறைய 20 எழுத்து. ஒரே வரியில் போட்டால் ஓர் எழுத்துக்கு 6 பிக்சல். அதையும் கையெழுத்து மாதிரி மெல்லிய கோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவில் அது எழுத்து இல்லை, தூசி.

சின்னப் படத்தில் லோகோ கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டியே சொல்கிறது. ஆகவே அந்த ஒரு படத்தில் மலையும் வேண்டாம், நிலாவும் வேண்டாம். பெயரை இரண்டு வரியாக மடித்து, முக்கியமான சொல்லைப் பெரிதாக, தடித்த எழுத்தில், பின்னால் ஒரே ஒரு பொருளோடு வையுங்கள். பெரிய படத்தைக் குறுக்கிச் சின்னப் படம் செய்வதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஒவ்வொன்றையும் தனியாக அடுக்க வேண்டும். தலைப்புப் படம் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று, நிமிர்ந்த படம் அகலத்தைவிட உயரம் கூடினது. உங்கள் ஓவியத்தில் மலை இடது பக்கம், நிலா வலது பக்கம், வள்ளம் அடியில். நிமிர்த்தினால் மலையோ நிலாவோ ஒன்று வெட்டுப்படும். படுக்கவைத்தால் வள்ளம் வெட்டுப்படும். விளையாட்டே வள்ளத்தில்தான் நடக்கிறது.

இன்னொரு விதி, பலர் இன்னும் மீறித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 2022 செப்டெம்பர் 1 முதல் இந்தப் படங்களில் விளையாட்டின் ஓவியம், பெயர், உத்தியோகபூர்வமான உபதலைப்பு தவிர வேறு எழுத்து வரக்கூடாது. விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி, "டெமோ வந்துவிட்டது" எதுவும் கூடாது. பெரிய அப்டேட் ஏதும் விட்டால் அதைச் சொல்கிற எழுத்தோடு தற்காலிகப் படம் போட வேறு வழி வைத்திருக்கிறார்கள், அதற்கும் காலக்கெடு உண்டு.

சரி, படத்துக்கு வருவோம். நீங்கள் இணைத்ததை எடுத்து முதலில் நிறத்தைக் கழற்றிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். மலையும் கடலும் வானமும் ஒரே கருமையாகிவிட்டன. வெளிச்சமாக மிஞ்சியது நிலா மட்டும். கண் நேரே நிலாவுக்குப் போகிறது, போய் அங்கேயே நிற்கிறது. நிலாவைப் பற்றியதா உங்கள் விளையாட்டு? கலரைக் கூட்டினால் சரிவருமா என்ற கேள்விக்கு இதுதான் பதில்: வராது. குறைவாக இருப்பது நிறம் அல்ல, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தூரம். இதோடு சேர்ந்து இன்னொரு சிக்கல். ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். உங்கள் இரவுக் கடலும் கருநீலம். பட்டியலில் வைத்துப் பார்த்தால் படத்தின் ஓரமே தெரியவில்லை, கடைச் சுவரில் யாரோ ஒரு நிலாவை ஒட்டின மாதிரி இருக்கிறது. வெள்ளைத் திரையில் வைத்துக் கீறியிருப்பீர்கள், அதனால் பிடிபட்டிருக்காது.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, ஆனால் எனக்கு இதுதான் உங்கள் படத்தின் பெரிய பிரச்சினை. 2023இல் டிரெட்ஜ் என்று நியூசிலாந்துச் சின்ன நிறுவனம் ஒன்று மீன்பிடி விளையாட்டு விட்டது. பகலில் மீன் பிடிக்கலாம், இரவானால் கடலில் பயங்கரம். நல்லாக ஓடியது. அதற்குப் பிறகு, இருட்டுக் கடலில் தனியாக ஒரு படகு என்று காட்டினால் மீன்பிடி விளையாட்டு விரும்பிகள் பலருக்குத் திகில் என்றுதான் முதலில் தோன்றும். உங்களுடையது அப்பப்பாவின் கதை கேட்டுக்கொண்டு கணவாய் பிடிக்கிற விளையாட்டு. திகில் தேடுகிறவர் கிளிக் செய்து ஏமாறுவார், அமைதி தேடுகிறவர் பயந்து தாண்டிப் போவார். படம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது என்ன வகை விளையாட்டு என்பது. வடிவு அதற்குப் பிறகுதான். அதே 2023இல் வந்த டேவ் தி டைவர் பகலில் கடலுக்குள் இறங்கி மீன் பிடித்து இரவில் சூஷிக் கடை நடத்துகிற விளையாட்டு. அதுவும் கடல், இதுவும் கடல், ஆனால் இரண்டுக்கும் வருகிற சனம் வேறு. உங்கள் டேக்குகளைப் போட்டுத் தேடி, வருகிற முதல் முப்பது நாற்பது படங்களை ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள். அமைதியான விளையாட்டுகள் எந்த வெளிச்சத்தில் இருக்கின்றன, எழுத்து உருண்டதா கூரானதா என்று கண்ணுக்குப் பழகும். பிறகு அவற்றோடு சேர்ந்தும் நிற்க வேண்டும், அவற்றுக்குள் காணாமலும் போகக் கூடாது.

கோணமலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நான் திருமலைக்காரன் இல்லை. அந்த மலை விளிம்பைக் கறுப்பு நிழலாகக் கண்டாலே நமக்கு ராவணன் வெட்டு, கோவில் மணி, கோட்டை வாசலில் மேய்கிற மான்கள் எல்லாம் வந்துவிடும். சம்பந்தர் பதிகத்தில் கேட்ட கடலோசை எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. பிரேசிலிலோ போலந்திலோ இருந்து வாங்குகிறவருக்கு அது ஒரு பாறை. வடிவு என்று சொன்னவர்கள் எல்லோரும் யார்? உப்புவெளி, பாலையூற்று, கிண்ணியா ஆட்கள்தானே. அவர்கள் பார்த்தது உங்கள் படத்தை இல்லை, ஊரை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் முதல் பார்வையில் நெஞ்சு நெகிழ்ந்தது. மான் என்றதும் ஞாபகம் வருகிறது: உங்கள் ஸ்கிரீன்ஷொட் ஒன்றில் விடியற்காலை டச் பே கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் புள்ளிமான் நிற்கிறது. எங்களுக்கு அது புதினமில்லை, பஸ் நிலையத்தடியிலும் நிற்கும். வெளியாளுக்கோ கடற்கரையில் மான் என்றால் அது ஒரு கேள்வி. விளையாட்டுக்குள் உண்மையாக இருக்கிற, ஆனால் வெளியாள் எதிர்பார்க்காத ஒரு பொருள் என்றால் அதற்குப் படத்தில் இடம் கொடுக்கலாம். விளையாட்டில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பது வேறு கதை.

அந்த வேறு கதையில் நானே அடிபட்டிருக்கிறேன். மெதுவாகப் போகிற ஒரு புதிர் விளையாட்டுக்கு, செய்தவர் கேட்டாரே என்று வாளும் நெருப்பும் பாய்ச்சலுமாக ஒரு படம் செய்து கொடுத்தேன். வருகிறவர் தொகை நன்றாகக் கூடியது, இருவருக்கும் சந்தோஷம். விற்பனைக்கு வந்தபிறகு காசைத் திருப்பிக் கேட்டவர்கள் கூடிவிட்டார்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் திருப்பிக் கொடுப்பார்கள். வாளைத் தேடி வந்தவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார், போகிற போக்கில் ஒரு வரி விமர்சனமும் எழுதிவைப்பார். படத்தை மாற்றச் சொல்லி நானே அவரிடம் மன்னிப்போடு கேட்டேன்.

உங்களுக்கு நான் செய்வதென்றால் இப்படிச் செய்வேன். கமெராவை மலையிலிருந்து இறக்கி வள்ளத்துக்குள் கொண்டுவருவேன். கணவாய் வெளிச்சத்துக்கு வரும், அதனால் வள்ளத்தில் விளக்கு இருக்கிறது. அந்த விளக்கை நடுவில் வைத்தால் உங்களுக்கு வேண்டிய செம்மஞ்சள் வெளிச்சம் சும்மா கிடைக்கிறது. கருநீலக் கடைக்குள் அது தூரத்திலிருந்தே பிடிபடும். அப்பப்பாவின் முகமும் பேரனின் முகமும் அந்த வெளிச்சத்தில், இருவரும் தண்ணீருக்குள் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். பேரன் சிரிப்பு வரப்போகிற முகத்தோடு. தூண்டிலில் ஒரு கணவாய் மேலே வருகிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: கணவாயின் கைகளைப் பெரிதாகக் கீறிவிடாதீர்கள், மறுபடி திகிலாகிவிடும். மலை பின்னால் ஒரு மெல்லிய நிழலாக இருந்தால் போதும், தெரிந்தவருக்குத் தெரியும். கடலைக் கருநீலத்திலிருந்து கொஞ்சம் பச்சைக்குத் தள்ளுங்கள்.

முகம் வைத்தால் கிளிக் கூடும், சிவப்பும் மஞ்சளும் இழுக்கும், கதாபாத்திரம் நேரே பார்க்க வேண்டும் என்றெல்லாம் நிறையக் கேள்விப்படுவீர்கள். இவற்றை நான் உறுதி என்று சொல்ல மாட்டேன். முகம் வைத்து நன்றாகப் போனதும் கண்டிருக்கிறேன், ஒரு வெறும் பொருளை வைத்து அதைவிட நன்றாகப் போனதும் கண்டிருக்கிறேன். ஒரு படத்தை மாற்றும்போது முகம் மட்டும் மாறுவதில்லை, எழுத்தும் வெளிச்சமும் சேர்ந்துதான் மாறுகின்றன, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. கூகுள் பிளேயில் பாதிப் பேருக்கு ஒரு படம், பாதிப் பேருக்கு மற்றது என்று சோதிக்க வசதி தந்திருக்கிறார்கள். ஸ்டீமில் அப்படி இல்லை. மாற்றின திகதியைக் குறித்துவைத்து, முன்னும் பின்னும் இரண்டு கிழமை ஒப்பிடத்தான் முடியும். அந்த இரண்டு கிழமைக்குள் தள்ளுபடி விழா ஏதும் வந்தால் அந்தக் கணக்கும் பிழை. வரப்போகிற விளையாட்டுகளின் டெமோக்களுக்கு ஸ்டீம் நடத்துகிற நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் ஒரு விளையாட்டுக்கு ஒரே ஒரு தரம்தான் இடம், ஆகவே படத்தைத் திருத்துவதானால் அதற்கு முன்னம் திருத்துங்கள்.

அதற்குமுன் காசில்லாத ஒரு சோதனை. ஸ்டீம் தேடல் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நடுவில் ஒரு விளையாட்டின் படத்துக்கு மேல் உங்களுடையதை அதே அளவில் ஒட்டுங்கள். ஃபோனில் போட்டு, விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு ஒரு விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். "நல்லாயிருக்கா" என்று கேட்காதீர்கள், எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நடுவில இருந்ததில என்ன கண்டனீங்கள்? அதில என்ன செய்யிற மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். ஐந்து பேரில் நான்கு பேர் மீன்பிடி என்று சொன்னால் சரி. "ஏதோ நிலா" என்றால் திரும்பி மேசைக்கு.

ஓவியரிடம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி. உங்கள் கை நல்ல கை, இந்தப் படத்தை நீங்களே செய்யலாம் என்றுதான் நினைக்கிறேன். கிரிட்டா என்ற கீறும் மென்பொருள் இலவசம், அதுவே போதும். காசு செலவழிப்பதானால் லோகோவுக்குச் செலவழியுங்கள், எழுத்து வேறு தொழில். யாரிடம் கொடுத்தாலும் லோகோ, ஆட்கள், பின்னணி மூன்றும் தனித்தனி அடுக்காக உள்ள மூலக் கோப்பைத் தரச் சொல்லி, உரிமை உங்களுக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டின ஒரே படமாகக் கொடுத்துவிட்டுப் போனால் ஐந்து அளவுக்கும் வெட்டும்போது அழுவீர்கள்.

தமிழ்ப் பெயரையும் லோகோவில் சேர்க்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஒரே படத்தில் இரண்டு மொழியும் வேண்டாம், இரண்டும் சிறுத்துப்போகும். தமிழ் லோகோவை டிரெய்லரிலும் விளையாட்டின் முதல் திரையிலும் பெரிதாக வையுங்கள். செய்யும்போது, நம் எழுத்துக்குச் சின்ன அளவில் வருகிற வியாதியைக் கவனியுங்கள். புள்ளி முதலில் காணாமல் போகும், அடுத்தது கி, கீ வித்தியாசம். சுழிகளைக் கொஞ்சம் திறந்து, புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையால் வையுங்கள். தயவுசெய்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து ஓரம் கட்டிவிடாதீர்கள். அந்த எழுத்தைக் கண்டாலே எனக்கு மரண அறிவித்தல் ஞாபகம் வருகிறது, நானே எத்தனை அடித்திருப்பேன். யூனிகோட் எழுத்தைப் போடும்போது கொம்பும் காலும் இடம்மாறி நின்றால் மென்பொருளில் தெற்காசிய மொழி அமைப்பைத் திறந்துவிட வேண்டும்.

அந்தக் கோணமலை ஓவியத்தை எறிந்துவிடாதீர்கள். வாங்கியவரின் நூலகப் பக்கத்தில் மேலே அகலமாக ஒரு படம் வரும், 3840க்கு 1240. அதில் எழுத்தே இருக்கக்கூடாது என்பது ஸ்டீமின் விதி, லோகோவைத் தனிக் கோப்பாகக் கேட்டு அவர்களே மேலே வைப்பார்கள். மலைக்கும் நிலாவுக்கும் அங்கே தாராளமாக இடம் உண்டு, அடியில் இருக்கிற அந்தச் சின்ன வள்ளத்தை மட்டும் வெட்டுப்படாமல் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். விளையாட்டைத் திறக்கப் போகிறவர் அதை ஓட்டோவில் போய்க்கொண்டு பார்க்கப் போவதுமில்லை.